மார்பளவு மேடை

எங்கள் பகுதியில் எல்லாரும் அவரை மேசன் அண்ணை என்றுதான் அழைத்தோம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆள் யாரென்று தெரியாதவரைக்கும்தான் அந்த வாக்குக்குச் சேதமில்லை.

'விளங்கீட்டுது' என்பது அவருடைய சொல். நாம் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, வசனத்தின் நடுவில் மூச்சு வாங்குவதற்குள், தலையை இரண்டு தரம் ஆட்டி, "விளங்கீட்டுது, விளங்கீட்டுது" என்று சொல்லிவிட்டுச் சாந்தகப்பையைக் கையில் எடுத்துவிடுவார். மிச்ச வசனம் நம் வாயிலேயே கிடக்கும். அதைத் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. இன்றைக்கும் யாராவது என் பேச்சை இடையில் வெட்டி "விளங்குது" என்றால் எனக்குப் பிடரி சுடுகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயற்காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, சில வருடம் மண்வீட்டில் இருந்துவிட்டு, ஆளுக்கொரு கல்வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். கிளிநொச்சிப் பக்கம் அப்போது எழும்பிய வீடுகளில் பாதியாவது அவர் கட்டியவை. நெடிய மனிதர். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றி, விடிய வந்து நிற்பார். சொன்ன நாளில் வருவார். சீமெந்தில் களவு செய்யமாட்டார். சுவர் நூல் பிடித்தது போல நிற்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கட்டியது நாம் கேட்டதுதானா என்ற ஒன்றைத் தவிர.

ஒருவர் கிணற்றுக் கட்டுக்கு மேற்குப் பக்கம் உடுப்புத் தோய்க்கிற கல் வைக்கச் சொன்னார். கிழக்குப் பக்கம் வைத்தார். கேட்டதற்கு, "காலமை வெயில் நல்லது" என்றார். இன்னொரு வீட்டில் இரண்டு படி கேட்டார்கள். ஐந்து படி கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டுக் கிழவர் படியேறி முடித்து வாசலில் நின்று மூச்சிரைக்கும்போதெல்லாம் அவரைத் திட்டுவார். ஆனால் நேரில் யாரும் சண்டை பிடித்ததில்லை. அப்படி ஒரு சிரிப்பு அவருடையது. கூலியும் கூட்டிக் கேட்கமாட்டார். அதிகமாய்க் கட்டிய மூன்று படிக்கு ஒரு சதம் வாங்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

என் கணவருக்கு மட்டும் அவரில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு நாள் சந்தையிலிருந்து வரும்போது இவர் சைக்கிளில் பின்னால் வந்து மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். மேசன் அண்ணை திரும்பியும் பார்க்கவில்லையாம்.

"நாலு வீடு கட்டினவுடனை தலைக்கனம் வந்திட்டுது" என்று இவர் வீட்டுக்கு வந்து சொன்னார்.

ஆனாலும் எங்கள் குசினி வேலையை அவரிடம்தான் கொடுத்தோம். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அவ்வளவு துப்புரவாய் வேலை செய்யமாட்டார்கள்.

குசினி வேலை என்று நான் சொல்வது, நின்றுகொண்டு சமைக்கிற மேடை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நிலத்தில் அடுப்பு வைத்துக் குந்தியிருந்துதான் சமைத்தோம். எனக்கு அது முடியாமல் போய்விட்டது. வாய்க்கால் கட்டில் குடத்தோடு வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. ஒரு காலை நீட்டி, பக்கவாட்டில் சரிந்திருந்து, அடுப்பை ஊதுவேன். இரண்டு தரம் சேலைத் தலைப்பில் நெருப்புப் பிடித்தது. இரண்டாம் தரம் இவர் கண்டுவிட்டார். தலைப்பைக் கையால் அடித்து அணைத்துவிட்டு, வெளியே போனார். பிறகு உள்ளே வந்து, "ஓவசியரின்ரை குவாட்டர்ஸிலை ஒரு மேடை கண்டனீர் எண்டு சொன்னீரெல்லே? அப்பிடி ஒண்டு கட்டுவம். எப்பிடி வேணுமெண்டு நீரே சொல்லும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காணி தெரிந்தெடுத்ததும் இவர்தான், மாடு தெரிந்தெடுத்ததும் இவர்தான், வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று சொன்னதும் சாத்திரியார்தான். குசினி மேடை ஒன்றுதான் என் சொல்லுக்கு வந்தது. ஒரு மாதம் அதையே யோசித்தேன். சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கினால் வடிவாக இருக்கும், ஆனால் சூட்டில் வெடிக்கும். குளத்து வேலையை மேற்பார்க்கிற அந்த ஓவசியரின் வீட்டில் வெடித்திருந்ததை நானே கண்டேன். முதிரைப் பலகை போடலாம் என்றார் இவர். மரத்தில் நெருப்புப் பொறி விழுந்தால்? கடைசியில் முடிவு செய்தேன். அடுப்பு வைக்கிற பக்கம் செங்கல்லும் களிமண்ணும். காய் வெட்ட, அரிக்க, சட்டி பானை வைக்கிற பக்கம் ஒரு கருங்கற் பலகை. மேடை என் இடுப்பளவு. கீழே விறகு அடுக்க ஒரு தட்டு. தண்ணீர் வெளியே ஓடச் சுவரோரம் ஒரு துவாரம்.

கல்லுக்கு வவுனியாவுக்குப் போனோம். இவரும் நானும் மேசன் அண்ணையும். கல் வாடி, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவருடையது. சுற்றிவர ஆட்கள் உளியும் சுத்தியலுமாய்க் கொத்திக்கொண்டிருக்க, அவர் ஒரு கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி என்னிடம் கேட்டார்.

"என்ன வேலைக்கு, மகள்?"

"குசினிக்கு, நானா. காய் வெட்டுறதுக்கு. மெல்லிசா, மேல் வழுவழுப்பா…"

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பலகையைக் காட்டினார். வேலியோரம் கிடந்த ஒன்று எனக்குப் பிடித்துப்போயிற்று. மெல்லியது. கறுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று நீளத்துக்கு ஓடியது. கையால் தடவிப் பார்த்தேன். தடவிக்கொண்டே, "அண்ணை, இதுதான். மற்ற ரெண்டும் வேண்டாம். இதைத்தான் ஏத்தச் சொல்லுங்கோ" என்றேன்.

பின்னால் அவருடைய குரல் கேட்டது. "விளங்கீட்டுது தங்கச்சி."

இரண்டு நாளில் லொறி வந்தது. வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை. மூன்றிலும் தடித்த, மூன்றிலும் பாரமான கல். இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

"அண்ணை, நான் இதைச் சொல்லேல்லை. நான் சொன்னது…"

"இது நூறு வருசத்துக்கு நிக்கும்" என்று கல்லைத் தட்டிக் காட்டினார். "மெல்லிசு வேண்டாமெண்டு நீங்கள் சொன்னது சரிதான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். லொறி போய்விட்டது.

சரி, கல்தான் போயிற்று, உயரமாவது சரியாக வரட்டும் என்று நினைத்தேன். வேலை தொடங்குகிற அன்று காலையில் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, என் இடுப்புக்கு நேரே கரித்துண்டால் ஒரு கோடு கீறினேன். சுவரைப் பார்த்துக் கீறிக்கொண்டே சொன்னேன்: "அண்ணை, வடிவாக் கேளுங்கோ. மேடையின்ரை மேல் மட்டம் இது. இதுக்கு மேலை ஒரு விரல் போகக்கூடாது. நான் கட்டை. எனக்குக் கால் ஏலாது."

"விளங்கீட்டுது" என்றார்.

அந்தக் கிழமை என் தங்கைக்குப் பிள்ளைப்பேறு. நான் யாழ்ப்பாணம் போய் நான்கு நாள் நின்றேன். இவரோ சூடடிப்பு நேரம் என்று பகல் முழுக்க வயலில். திரும்பி வந்து குசினிக்குள் கால் வைத்தபோது மேடை முடிந்திருந்தது. கல் பதித்து, ஓரம் பூசி, துவாரம் விட்டு, அழகென்றால் அப்படி ஒரு அழகு. கிட்டப் போனேன். கல்லின் விளிம்பு என் மார்புக்கு நேரே நின்றது.

நான் கீறிய கரிக்கோட்டைத் தேடினேன். அது மேடைக்குக் கீழே, உள்ளே இருந்தது. அந்தக் கோட்டில் விறகுத் தட்டைக் கட்டியிருந்தார். மேடையை அதற்கு மேலே ஒரு முழம் உயர்த்தியிருந்தார்.

மேசன் அண்ணை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதிவிட்டு மதிப்பெண்ணுக்கு நிற்கிற பிள்ளை போல. "கோட்டிலை தட்டு வைச்சிட்டன். சரிதானே?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். "விளங்குது தங்கச்சி, விளங்குது" என்று சொல்லிவிட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் இவரோடு சண்டை பிடித்தேன்.

"உடைக்கச் சொல்லுங்கோ."

"ஆறு பேர் தூக்கி வைச்ச கல்லையோ? சீமெந்து இறுகீட்டுதப்பா. கல் வெடிச்சுதெண்டால் என்ன செய்யிறது?"

"அப்ப நான் எப்பிடிச் சமைக்கிறது?"

"ஒரு பெட்டி வைச்சு ஏறி நிண்டால் சரியெல்லே. பழகீடும்."

சவர்க்காரம் வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். மடங்காத காலோடு ஒரு நாளைக்கு எத்தனை தரம் அதில் ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. உப்புக்கு இறங்கு, விறகுக்கு இறங்கு, நாய் குரைத்தால் இறங்கு. குந்தியிருந்து சமைத்ததே சுகம் என்று தோன்றியது. வருகிறவர்கள் எல்லாரும் மேடையை மெச்சினார்கள். "நீர் குடுத்து வைச்சனீர்" என்றார்கள். எனக்கு அவர்களைப் பெட்டியில் ஏற்றி நிறுத்தவேண்டும் போலிருக்கும்.

பக்கத்துக் காணிப் பூமணியிடம்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டுவேன். எதைச் சொன்னாலும் கேட்டு 'உச்' கொட்டுகிறவள், மேசன் அண்ணையைப் பற்றிச் சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் மண்வீட்டில் இருந்த காலத்தில் பூமணியின் மூன்று வயதுப் பெட்டைப்பிள்ளை வாய்க்காலில் மூழ்கிப் போய்விட்டது. அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வருவதற்குள் நடந்தது. செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவளிடம் கேட்டார்கள். எப்பிடி நடந்தது, நீ எங்கை நிண்டனி, எவ்வளவு நேரம், வாய்க்காலடிக்கு ஏன் விட்டனி. அவளும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். பதினைந்தாவது ஆளோ இருபதாவது ஆளோ மேசன் அண்ணை. வந்து முன்னால் குந்தினார். அவள் அவருக்கும் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி, "வேண்டாம் பிள்ளை. சொல்ல வேண்டாம். விளங்குது" என்றார். பிறகு எழும்பிப் போய், அவளுடைய முற்றத்தில் இடிந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் தன்பாட்டில் கட்டத் தொடங்கினார். மூன்று நாள் வந்து கட்டினார். ஒருவரோடும் ஒரு கதையில்லை.

"அந்த மனுசன் ஒருத்தர்தான் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை" என்று பூமணி ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எல்லாருக்கும் நான் சொல்ல வேண்டிக் கிடந்தது. அவருக்குச் சொல்லாமலே விளங்கினது."

இதற்குமேல் நான் மேடையின் உயரத்தைப் பற்றி அவளிடம் என்ன பேசுவது?

மாரி தொடங்கிய நேரம். சோறு வடிக்கப் பானையைத் தூக்கினேன். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. நல்ல காலைக் கீழே வைக்கத் தேடினேன், நிலம் எட்டவில்லை. பானையோடு விழுந்தேன். கொதிக்கிற கஞ்சி இடது காலில், முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும். இருந்த ஒரு நல்ல காலும் போயிற்று. இவரும் பூமணியின் புருஷனும் மாட்டுவண்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வண்டிலில் படுத்திருந்து முழு வழியும் நான் கத்தியது நோவில் மட்டுமல்ல.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தேன். வாழையிலை விரித்துக் கால் நீட்டிப் படுத்திருந்தேன். பூமணிதான் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். அடுத்த நாள் மத்தியானம் மேசன் அண்ணை வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, காலைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது.

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தே சொன்னேன்.

"உங்கடை வேலையிலை வந்த வினை இது. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதேங்கோ. உங்கடை முகத்திலை முழிக்க எனக்கு விருப்பமில்லை."

இவ்வளவு கொடிய சொல்லை நான் அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. 

பின்னாலிருந்து அவருடைய குரல், எப்போதும் போலச் சிரிப்போடு வந்தது.

"விளங்கீட்டுது தங்கச்சி. நாளைக்கு விடியவே வாறன்."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். என்னைப் பகிடி பண்ணுகிறாரா? இல்லை. கவலையோடுதான் நின்றார். அவருடைய கண் என் கண்ணில் இல்லை. என் வாயில் இருந்தது. திரும்பியவள் என்ன சொல்லப்போகிறேன் என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் வாடியில் நான் கல்லைத் தடவிக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்துக் கோடு கீறியது நினைவுக்கு வந்தது. இவர் சைக்கிளில் பின்னால் வந்து கூப்பிட்டதும்.

ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது. சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். 'தேத்தண்ணி குடிக்கிறியளோ அண்ணை?'

"வேண்டாம் தங்கச்சி. இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார்.

என் கை தானாக வாயைப் பொத்தியது. அவர் அதைக் கண்டார். வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நிலத்தில் குந்தினார்.

"கண்டு பிடிச்சிட்டீங்கள்" என்றார்.

குளத்து வேலையில் பாறைக்கு வெடி வைக்கிற கூட்டத்தில் அவர் இருந்தவராம். ஒரு நாள் ஆள் ஒதுங்க முன்னமே வெடித்ததாம். ஒரு காது அன்றைக்கே போயிற்று. மற்றது வரவரக் குறைந்து, இப்போது மூன்று வருடமாக ஒன்றுமே கேட்பதில்லை. முகத்துக்கு நேரே நின்று கதைத்தால் பாதி பிடிப்பார். மீதியை ஊகிப்பார்.

நான் ஆத்திரத்தில் கேட்டேன், இப்போது அவரைப் பார்த்து: "அப்ப விளங்கேல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"ஒருக்கா விளங்கேல்லை எண்டால் திருப்பிச் சொல்லுவினம். ரெண்டு தரம் எண்டால் சத்தமாச் சொல்லுவினம். மூண்டாந்தரம், இவனுக்குக் காது கேக்காது எண்டு ஊருக்குச் சொல்லுவினம். காது கேளாத மேசனிட்டை ஆர் தங்கச்சி வீடு குடுப்பினம்?" தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும். நல்லவேளை ஒருவரும் இல்லை. "ஆருக்கும் சொல்லாதேங்கோ. உங்கடை அவருக்கும் சொல்லாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

எனக்குக் கால் எரிந்தது. மனம் அதைவிட எரிந்தது. எனக்கு நடந்ததற்கு யாரையாவது ஆசைதீரத் திட்டவேண்டும் என்று பத்து நாளாய்ச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த மனிதர் கையைக் கூப்பிக்கொண்டு தரையில் இருக்கிறார்.

"சொல்லமாட்டன்" என்றேன்.

மறுநாள் விடிய, சொன்னது போல வந்தார். கையில் கல் கிளப்புகிற அலவாங்கு. கூடவே ஆறு பேர். இவர் பதறிப்போனார். "என்ன, உடைக்கப் போறாரோ?" என்றார். நான் பூமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு நொண்டிப் போய், சுவரோடு நின்று, என் இடுப்பில் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் நூலை நிலத்திலிருந்து என் கை மட்டும் பிடித்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சைத் திரும்பவும் என்னிடம் காட்டினார். நான் தலையாட்டினேன்.

கல்லைக் கிளப்பும்போது ஒரு மூலை உடைந்தது. அந்த மூலையைச் சுவர்ப் பக்கமாய்த் திருப்பி வைத்தார். மூன்று நாளில் வேலை முடிந்தது. உயரம் சரியாக இருந்தது, ஒரு விரல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் கல்லைத் திருப்பி வைத்ததில் சாய்வு பிழையாகிவிட்டது. தண்ணீர் துவாரத்துக்கு ஓடாமல் என் பக்கம் ஓடி என் காலில் ஊற்றியது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது தெம்பிருக்கவில்லை. ஒரு பழந்துணியைச் சுருட்டி விளிம்பில் வைத்தேன். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்கத் துணி வைத்துத்தான் சமாளித்தேன்.

வாக்குக் கொடுப்பது லேசு. அதை வைத்துக்கொண்டு இருப்பதுதான் பெரும்பாடு. "முதல்லையே காது குடுத்துக் கேட்டிருந்தால் உமக்குக் கால் வெந்திராது. அந்தாளுக்குத் திமிர்" என்று இவர் சொல்லும்போதெல்லாம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஊரில் அவரைப் பற்றிக் குறை வந்தால், அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அதெல்லாம் பரவாயில்லை. ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேடையை ஏன் உடைத்துக் கட்டினீர்கள் என்று அவரைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவரும் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். "அந்தத் தங்கச்சி முதல் ஒண்டு சொன்னா. கட்டி முடிய வேறை ஒண்டு சொன்னா. என்ன செய்யிறது, பொம்பிளையளின்ரை மனம்" என்று சொல்லியிருக்கிறார். தை மாதத்துக்குள் எங்கள் வட்டாரம் முழுக்க நான் ஒரு நிலையில் நிற்கத் தெரியாதவள் ஆகிவிட்டேன். கடையில் சேலை பார்த்தால், "நாளைக்கு மாத்த வருவீரோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் ஒரே முடிவில் நின்றது அந்த மேடை ஒன்றில்தான்.

கோயிலடியில் ஒரு நாள் அவரைப் பிடித்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"நான் மாத்திச் சொன்னன் எண்டு ஏன் அண்ணை ஊரெல்லாம் சொன்னீங்கள்?"

அவர் என் உதட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு அவர் பழக்கமான நாளிலிருந்து ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னார்.

"விளங்கேல்லைத் தங்கச்சி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒரு சண்டைகூட முழுதாய்ப் பிடிக்க விடாத மனிதர்.

அந்த வருடம் பூமணியின் வீடும் கல்வீடாகியது. அவளும் நின்று சமைக்கிற மேடை வேண்டுமென்றாள். வேலையை யாரிடம் கொடுப்பாள் என்று கேட்கவே தேவையில்லை. எனக்கு ஒரே பயம். அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல தரம் யோசித்தேன். சொன்னால் மேசன் அண்ணைக்குக் கொடுத்த வாக்குப் போகும். அது மட்டுமல்ல. செத்தவீட்டில் அவள் முன்னால் குந்தியிருந்து 'சொல்ல வேண்டாம்' என்றாரே, அன்றைக்கும் அவருக்குக் காது சரியாகக் கேட்டிராது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அது அவளுடைய துயரத்தை விளங்கியதால் சொன்ன சொல்லா, அழுகையோடு அவள் சொல்வதைப் பிடிக்க முடியாது என்று சொன்ன சொல்லா? எனக்கே தெரியவில்லை. ஆனால் மூன்று நாள் வந்து தொட்டி கட்டினாரே என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "குடு. ஆனால் கதைக்கேக்கை அவரின்ரை முகத்துக்கு நேரை நிண்டு கதை. அளவைக் கையாலை தொட்டுக் காட்டு. சுவரைப் பாத்துக் கதையாதை."

"ஏனடி?"

"என்ரை அனுபவம்."

அப்படியே செய்திருக்கிறாள். மேடை முடிந்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சிவப்புச் சீமெந்து. அவளுடைய இடுப்புக்கு அளந்து வைத்தது போல உயரம். தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் துவாரத்துக்கு ஓடியது. அவள் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காட்டினாள். பெட்டை போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"பாத்தியே? ஒருக்காத்தான் சொன்னனான்" என்றாள். "அந்த மனுசனுக்கு நாங்கள் வாய் திறக்க முன்னமே விளங்கும். உனக்குத்தான் அப்ப சொல்லத் தெரியேல்லைப் போலை."

நான் ஈரமான அந்தச் சீமெந்தைத் தடவிப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "எனக்குத்தான் சொல்லத் தெரியேல்லை."